இன்னொருத்தி குரலில் வந்த சேதி

இந்தத் துணைமின் நிலையத்தின் ஆபரேட்டர் நாற்காலியிலிருந்து இந்த மாதத்தோடு எழுந்து போகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை, முப்பத்தொன்றுதான் ஆகிறது. வேறு மாவட்டத்தில் ரிலே சோதிக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறேன். புதிதாக ஷிஃப்டுக்கு வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகலாமென்று தோன்றியது.

பிரேக்கரைப் போடுவது, எடுப்பது, மீட்டர் குறிப்பது எல்லாம் சில வாரங்களில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் எழுத வந்தது வேறு. என்னைப் பற்றி ஒரு கதை எதிரே உள்ள டீக்கடையில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. "எஸ்தர் மேடமா? கட்டிக்கப் போறவன் மேல சந்தேகப்பட்டு மலைக்கே கரண்டு குடுக்காம வெச்ச பொண்ணாச்சே" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கதையில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று நானே சொல்லிவிடுகிறேன்.

அதில் வரும் மற்ற இருவரும் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்களை ரேவதி, அருள் என்று வைத்துக்கொள்கிறேன். இவை அவர்களின் பேர்கள் இல்லை.

முதலில் எல்.சி. பற்றிக் கொஞ்சம். லைனில் வேலை செய்யப் போகிறவர் நமக்குப் போன் செய்து கேட்பார். நாம் மின்சாரத்தை நிறுத்தி, லைனைத் தரையோடு இணைத்து எர்த் செய்து, "வேலை நடக்கிறது" அட்டையை மாட்டிவிட்டு அனுமதி கொடுப்போம். அந்த அனுமதிதான் எல்.சி. வேலை முடிந்ததும் அவர் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம். இது எல்லா ஊரிலும் உள்ளது. நம் நிலையத்தில் மட்டும் இன்னொன்று உண்டு. எல்.சி. வாங்கியவரே போனில் வர வேண்டும். கூட வேலை செய்த ஒவ்வொருவர் பேரையும் அவர் சொல்ல, அந்த ஆள் கம்பத்திலிருந்து இறங்கி வந்து தன் வாயால் "எறங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். எனக்கு வெகு காலம் முன்பு இந்த நாற்காலியில் இருந்த ஒருவர் தொடங்கிவைத்த பழக்கம் அது. ஏன் தொடங்கினார் என்று கேட்டால் மூத்த வயர்மேன்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதிலிருந்தே காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

கல்வராயன் மலைக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனில், அந்த ஃபீடரில் மட்டும் இந்தப் பழக்கம் தளர்ந்து போயிருந்தது. மேலே டவர் கிடைப்பது அபூர்வம். சிக்னல் உள்ள வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஆட்கள் காட்டுக்குள் இறங்கி வேலை செய்வார்கள். முடிந்ததும் ஜீப் ஓட்டுநரே போன் செய்து, "மேடம், எல்லாரும் எறங்கிட்டாங்களாம், லைன் போட்டுக்கலாமாம்" என்பார். எல்லா ஷிஃப்டிலும் அதை ஏற்றுக்கொண்டோம். நானும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக் கதையில் எனக்கு எதிரான வலுவான சாட்சி இதுதான்.

இனி ரேவதி.

நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் ரிஷிவந்தியம் பக்கம் கரும்பும் நெல்லும் போடும் குடும்பம். நான் எலவனாசூர்கோட்டைப் பக்கம், கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்த கிறிஸ்தவக் குடும்பம். கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டின் மாடியைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் சமைப்பாள், நான் பாத்திரம் தேய்ப்பேன். எங்கே போனாலும் சிரிப்புச் சத்தத்தோடு வருவாள். அவளைப் பிடிக்காதவர்கள் என்று யாரும் கிடையாது, அப்போது நான் உட்பட.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. தனியாளாக இருக்கும் ஆண் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கண்ணில் பட மாட்டான். ஒருத்தியோடு சேர்ந்தவன் என்று தெரிந்த நிமிடம் அவனிடம் ஏதோ வெளிச்சம் வந்துவிடும் அவளுக்கு. ஒரு வங்கி ஊழியர், பிறகு ஒரு கல்லூரி ஆசிரியர். முதலாமவருக்கு நிச்சயம் ஆகியிருந்தது. இரண்டாமவருக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன்டி, ஊர்ல வேற ஆம்பளயே இல்லையா உனக்கு?"

"கீறாங்களே. ஆனா நீ சந்தைல கத்திரிக்கா எப்புடி வாங்குவ? நாலு பேரு சுத்தி நின்னு பொறுக்குற கூடையாண்ட தான போவ? ஒருத்தரும் சீண்டாத கூடைய எட்டிப் பாப்பியா?"

"கத்திரிக்காயும் ஆளும் ஒண்ணாடி?"

"ஒருத்தி ஏற்கெனவே பொறுக்கி வெச்சிருக்கான்னா, குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், வேல இருக்குது, எல்லாம் அவளே செக் பண்ணிட்டான்னு அர்த்தம். எனக்கு அந்த வேல மிச்சம்." தோசையைத் திருப்பிப் போட்டாள். "இன்னொண்ணு, எப்ப கட்டிக்கிறனு அவன் கேக்க மாட்டான். கேக்கவும் முடியாது. நிம்மதி."

சிரித்தேன். அடுத்தவளின் ஆள் என்றால் சிரிப்பது சுலபம்.

ஆனால் அவள் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டென்று அப்போதே எனக்குத் தோன்றியிருந்தது. அந்தக் கல்லூரி ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கையில், மனைவி அழைக்கிறாள் என்று தெரிந்தும் போனை எடுக்காமல் கவிழ்த்து வைத்தாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பு அவரைப் பற்றியதாக இல்லை. அந்த மனைவியைப் பற்றியதாக இருந்தது. பார்த்தே இராத ஒரு பெண்ணோடு ஓட்டப்பந்தயம் ஓடி முந்திவிட்டவளின் பூரிப்பு.

அருள் மலைப் பிரிவின் ஜே.இ., இளநிலைப் பொறியாளர். களமருதூர்க்காரர். எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். நான் எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பவள். ஆறு தகுதி எழுதி அதில் ஐந்துக்குச் சரி போட்டுவிட்டு, சம்மதம் சொன்னேன். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது என்பது போன்ற திருப்தி. ரேவதிக்கும் அவரை வருடக்கணக்காகத் தெரியும். உயரமாக, பேச்சில்லாமல் நிற்பார் என்பதால் "மொட்டக் கம்பம்" என்று பேர் வைத்தவளே அவள்தான்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று ஊர் முன்னால் சாமியாரே படிப்பார். முதல் ஓலை வாசித்த ஞாயிறு ரேவதியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அருளின் பேரும் என் பேரும் ஒலிபெருக்கியில் வந்தபோது அவள் தலையைத் திருப்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"ஏன்டி எஸ்தரு, மொட்டக் கம்பத்துக்கு வெள்ள சட்ட எடுப்பா இருக்குதில்ல?"

"அவரு டெய்லி வெள்ள சட்ட தான்டி போடுவாரு."

"அப்டியா? நா கவனிச்சதே இல்ல."

அடுத்த வாரமே மலைப் பிரிவில் ஆள் பற்றாக்குறைக்கு யாராவது சில நாள் போக முடியுமா என்று கேட்டார்கள். யாரும் விரும்பாத இடம் அது. ரேவதி கையைத் தூக்கினாள்.

அதன் பிறகு எனக்கு நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். உங்களில் யாருக்காவது பயன்படலாம். பொறாமை என்பது கோபம் மாதிரி சத்தமாக வரும் என்று நினைத்திருந்தேன். அது வேலை செய்துகொண்டே வந்தது. அவள் தலைக்கு வைக்கும் எண்ணெய் மாறியதைக் கண்டுபிடித்தது. புதுக் கம்மலைக் கண்டுபிடித்தது. இருவரும் வாட்ஸாப்பில் எப்போது இருக்கிறார்கள், எப்போது இல்லை என்று பார்க்க வைத்தது. இரண்டு ஃபீடரின் லோடு ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால் நடுவில் எங்கோ ஓர் இணைப்பு இருக்கிறது என்று படித்தவள் நான். பாழாய்ப்போன படிப்பு.

அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்தது வேறொன்று. அவள் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நானும் அவரைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் நெற்றியைத் துடைப்பது அழகு என்று அதுவரை எனக்குத் தெரியாது. நாலு பேர் சுற்றி நிற்கும் கூடை என்று அவள் சொன்னது என்னையும் சேர்த்துத்தான். என்னுடைய அந்த ஐந்து சரிகளால் வராத ஆசை, ஒரே ஒருத்தியின் பார்வையால் வந்தது.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அருளுக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன்.

"ரேவதி உங்கள பேர் சொல்லியா கூப்புடுறா?"

"எல்லாரையும் அப்படித்தான் கூப்புடும் அது. இதுல இன்னா இருக்குது?"

"ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா, வேலைய தாண்டி?"

"நீ இன்னா, ட்ரிப் ஆன ஃபீடர்கிட்ட கேக்குற மாதிரி கேட்டுகினே போற?" என்றார். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் மலையில் பேய்க்காற்று. கோடை மழையோடு வந்த காற்று மரங்களை லைன் மேல் சாய்த்துவிட்டது. அருள் காலையிலேயே எல்.சி. கேட்டார். ஜே.இ. குரலில் கேட்டார், ஆபரேட்டர் குரலில் கொடுத்தேன். ஐந்து ஆட்களோடு காட்டுக்குள் இறங்கினார்கள்.

மதியம் தாண்டியதும் போன்கள் தொடங்கின. ஊராட்சியிலிருந்து, பள்ளி விடுதியிலிருந்து. கடைசியில் மலையிலுள்ள சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ்.

"மேடம், ஒரு பெரியவரு மூச்சு வாங்கிகினு படுத்திருக்காரு. ஆக்சிஜன் மெசின ஜெனரேட்டர்ல ஓட்டுறோம். டீசல் கம்மியா இருக்குது. ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குது, வண்டியும் வர முடியல. எப்ப மேடம் கரண்டு வரும்?"

"லைன்ல ஆள் இருக்காங்கம்மா. எறங்கினதும் போட்டுடுறேன்."

இதற்குள் எங்கள் நிலையப் பொறியாளர், ஏ.இ., கண்ட்ரோல் ரூமுக்கே வந்து நின்றுவிட்டார். மேலிடத்திலிருந்து அவருக்கும் போன் மேல் போன். இரண்டு வயர்மேன்கள் வாசலில் நின்றிருந்தார்கள். கை ஓய்வில்லாததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்போது அருளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். ரேவதியின் குரல்.

"எஸ்தரு, எல்.சி. ரிட்டன். மரம்லாம் எடுத்தாச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க. லைன் போட்டுக்கோ."

அவர் போன் அவள் கையில். எனக்குக் காதுக்குள் ஒரு சூடு ஏறியது. அந்தச் சூட்டோடு நான் கேட்ட முதல் கேள்வியைப் பாருங்கள்:

"அவரு போனு உங்கிட்ட எப்புடி?"

வாசலில் நின்றவர்களில் ஒருவர் இருமினார்.

"டவரு இங்க வளைவுல தான்டி கெடைக்குது. போன குடுத்துட்டுப் போனாரு. அருள் தான் சொல்லச் சொன்னாரு."

"எங்க நிக்கிறாரு?"

"கீழ. கயிறெல்லாம் சுத்தினு இருக்காங்க. வர்றதுக்கு நேரம் ஆவும்."

ஏ.இ. என்னைப் பார்த்தார். "அதான் ரிட்டன் ஆயிடுச்சே, போடும்மா."

நான் எழுந்து ஸ்விட்ச் பலகையின் முன்னால் நின்றேன். அந்தச் சில கணங்களில் என் தலைக்குள் என்னென்ன ஓடின என்று பிற்பாடு பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, அந்தக் குரலை நிறுத்த வேண்டும். பிரேக்கரைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு, போடாமல் இருந்தால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஜீப் ஓட்டுநர் சொன்னால் போட்டவள், ரேவதி சொன்னால் போட மாட்டாளாம் என்பார்கள். நான் பொறாமைக்காரி இல்லை என்று நிரூபிக்க வழி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு ஸ்விட்ச். அதைப் போட்டால் நான் பெருந்தன்மை உள்ளவள். என் கை உண்மையிலேயே நகர்ந்தது. அந்த நாளில் ஆபத்தாக இருந்தது பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமை இல்லாதவளாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் என் கையைப் பிடித்து இழுத்தது.

மூன்றாவது, அவள் யார் பேரையும் சொல்லவில்லை. ஓட்டுநரும்தான் சொல்ல மாட்டார். ஆனால் ஓட்டுநர் பேசும்போது எனக்குக் காது இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. பொறாமைதான் அதைக் கூர்மையாக்கியது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்த்ததில்தான் அது தெரிந்தது. அவள் வளைவில் நிற்கிறாள். ஆட்கள் கீழே காட்டுக்குள் இருக்கிறார்கள். எல்லோரும் இறங்கியதை அவள் கண்ணால் பார்க்கவில்லை.

"ரேவதி, அருள கூப்புடு. ஆளுங்க அஞ்சு பேரும் வரணும். பேர் சொல்லி ரிட்டன் பண்ணட்டும்."

"இன்னாடி வெளையாட்றியா? மழ கொட்டுது. அவ்ளோ ஏத்தம் ஏறி வரணும்."

"ஏறி வரட்டும்."

ஸ்பீக்கரில் அவள் குரல் உயர்ந்தது. "ஓ, நா பேசினா கரண்டு போவாதா? ட்ரைவரு பேசினா போவுமா? வயித்தெரிச்சலுக்கு ஒரு மலையே இருட்டுல கெடக்கணுமா எஸ்தரு?"

வாசலில் இருந்தவர்கள் இப்போது இருமவில்லை, சிரித்தே விட்டார்கள்.

"ஏம்மா எஸ்தரு" என்று ஏ.இ. குரலைத் தாழ்த்தினார். "உங்க வூட்டு விவகாரத்த அப்புறம் பாத்துக்கலாம்மா. அங்க ஒரு மனுசன் மூச்சுக்குத் தவிச்சினு கீறான்."

"தெரியும் சார். நீங்க எழுதிக் குடுங்க சார், போட்டுடுறேன். இல்லன்னா அவர் வந்து பேசட்டும்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. திட்டிக்கொண்டே வெளியே போய்விட்டார். நர்ஸ் மறுபடி அழைத்தார். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன், தாங்கும் என்று நினைக்கிறேன் என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. அந்தப் பெரியவர் இறந்துபோனால் அது என் பேரில்தான் எழுதப்படும் என்று எனக்குத் தெரிந்தது. எழுதப்படாவிட்டாலும் நானே எழுதிக்கொள்வேன். உட்கார முடியவில்லை. பலகையில் தொங்கிய "வேலை நடக்கிறது" அட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

அரை மணிக்கும் மேல் ஆகியிருக்கும். போன் வந்தது. அருள்.

"சொல்லு." மேல்மூச்சு வாங்கியது. குரலில் அவ்வளவு வெறுப்பு.

"எல்.சி. ரிட்டன் பண்றீங்களா சார்? பேர் சொல்லுங்க."

ஒவ்வொரு பேராகச் சொன்னார். ஒவ்வொருவராக வந்தார்கள். "எறங்கிட்டேன்." "எறங்கிட்டேன் மேடம்." "எறங்கிதான் கீறேன், மறுபடி ஏறி வேற வந்துட்டேன்." ஐந்தாவது பேரைச் சொன்னார். பதில் வரவில்லை. பிறகு ஒரு தும்மல். "எறங்கிட்டேன் தாயீ."

நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். கம்பத்தில் யாரும் இல்லை. எல்லோரும் எப்போதோ இறங்கிவிட்டிருந்தார்கள். ரேவதி சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. நான் எர்த்தை எடுத்தேன், ஐசோலேட்டரைச் சேர்த்தேன், பிரேக்கரைப் போட்டேன். லோடு ஏறியது. சுகாதார நிலையத்தின் பெரியவர் பிழைத்துக்கொண்டார். நர்ஸ் பிறகு எனக்குப் போன் செய்யவில்லை, ஏ.இ.க்குச் செய்து நன்றி சொன்னாராம்.

கம்பத்தில் ஒரு ஆள் மாட்டியிருந்தால் நான் இந்த நிலையத்தின் தெய்வம் ஆகியிருப்பேன். யாரும் மாட்டாததால் பொறாமைக்காரி ஆனேன். எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் சரியான முடிவுக்குப் பெரும்பாலும் அத்தாட்சி கிடைக்காது. தவறான முடிவுக்குத்தான் உடல் கிடைக்கும். அத்தாட்சிக்காகக் காத்திருப்பவர்கள் வேறு வேலை தேடுங்கள்.

வெள்ளிக்கிழமை அருள் நிலையத்தின் கேட்டுக்கு வந்தார். ஞாயிறு மூன்றாம் ஓலை. வேலிக்கு அந்தப் பக்கம் பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"ஆளுங்க முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்ட. அவ்ளோ பொறாம ஒனக்கு."

"பொறாம இருந்துச்சு. இப்பவும் இருக்குது. நா இல்லைனு சொல்லல."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஒண்ணுமில்ல எஸ்தர். நெசமா ஒண்ணும் நடக்கல. சிரிச்சிப் பேசினா, எனக்கும் புடிச்சிருந்துச்சு. அவ்ளோதான். இத்தினி வருசமா ஒரு பொண்ணும் என்னைத் திரும்பிப் பாத்ததில்ல. ஓலை வாசிச்சப்புறம் தான் எனக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சிது."

சொல்லும்போது அவர் வெட்கப்பட்டார். அந்த வெட்கம் எனக்குப் பிடித்தது. மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். அவரைப் போய் இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பதா என்று உள்ளே எரிந்துகொண்டும் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு ட்ரைவரு ஜீப்ல தான இருந்தாரு? எப்பவும் அவர் தான பேசுவாரு. ரேவதிகிட்ட போன ஏன் குடுத்தீங்க?"

பைக்கின் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மொத நாளு நீ கேட்டதுல கோவம். அவ பேசினா ஒனக்கு எரியும்னு தெரியும்."

"எரியட்டும்னு குடுத்தீங்க."

"ஆமா. இன்னா இப்போ?"

எனக்கு அப்போது எரியவில்லை. முதன்முறையாக அந்த இரண்டு வாரத்தில் எரிச்சல் நின்று, குளிர்ந்தது. ஐந்து ஆட்களின் உயிர் எந்த வார்த்தையில் தொங்குகிறதோ, அந்த வார்த்தையை எடுத்து என்னைக் குத்தப் பயன்படுத்தியிருக்கிறார். நான் குருட்டுக் கோபத்தில் போனை அறைந்து வைத்துவிட்டுப் பிரேக்கரைப் போட்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் சிரித்துப் பேசியதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், எத்தனையோ பேர் பொறுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குள் இன்னொரு சண்டை வரும், கல்யாணமென்றால் வராமல் இருக்குமா. அப்போது கையில் கிடைத்த எதை எடுத்து வீசுவார்?

சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தேன். மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றேன். தடை என்ன என்று கேட்டார். எல்.சி. பற்றி விளக்க முயன்றேன். பாதியில் நிறுத்தி, "பொண்ணு வேற யாராச்சும் நடுவுல இருக்குதாம்மா?" என்றார். இருக்கிறது, ஆனால் அது காரணமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் அம்மா இன்றுவரை நம்பவில்லை.

கள்ளக்குறிச்சி வீட்டில் ரேவதி சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். ஏதோ தன் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டதுபோல் என்னைப் பார்த்தாள்.

"லூசாடி நீ? எதுக்கு வுட்ட?"

"உனக்குத் தான் வேணுமே. எடுத்துக்கோ."

"நீ வுட்டது எனக்கு எதுக்குடி?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். சில வாரங்களில் மலையிலிருந்து திரும்ப மாற்றல் வாங்கிக்கொண்டாள். அருள் அவளிடம் கல்யாணப் பேச்சு எடுத்தாராம். "வூட்ல வந்து கேக்கட்டுமானு கேக்குறாருடி, மொட்டக் கம்பம்" என்று பழைய பேரையே சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு வந்த பொறாமைதான் எல்லாவற்றிலும் மோசமானது. நான் இத்தனை வலியோடு வெட்டி எறிந்த ஒன்று, அவளுக்குப் புடவையில் ஒட்டிய நூல் போல உதிர்ந்துவிட்டது. அவள் என்னிடமிருந்து அருளை எடுக்கவே இல்லை. என்னை முந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டாள், பந்தயத்தில் நான் நின்றுவிட்டதும் அவளுக்கும் ஓட்டம் முடிந்துவிட்டது. நான் தனியாக வேறு மாடி பார்த்துக்கொண்டு போனேன். வழியில் பார்த்தால் இப்போதும் இருவரும் பேசிக்கொள்வோம். சிரிக்க வைத்துவிடுவாள், அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம்.

மலை ஃபீடருக்கும் அன்று முதல் பேர் சொல்லும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. என் ஷிஃப்டில் நான் கேட்டேன், மற்ற ஷிஃப்டுகளிலும் கேட்கத் தொடங்கினார்கள். "எஸ்தர் ரிட்டன்" என்று மலை ஆட்கள் அதற்குக் கேலியாகப் பேர் வைத்திருக்கிறார்கள். கேலி நீடிக்கட்டும், அதனால் பழக்கமும் நீடிக்கும்.

அருளுக்கு மறுவருடம் கல்யாணம் ஆயிற்று. மலையிலுள்ள பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் பெண். இரண்டு வருடமாக நான் ஷிஃப்டில் இருக்கும்போதெல்லாம் அவருக்கு எல்.சி. கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவரே பேசுவார், ஒரு தடவையும் ஆள் விட்டதில்லை. வேலை சம்பந்தமில்லாமல் ஒரு சொல்லும் எங்களுக்குள் கிடையாது.

போன வாரம் என் கடைசிப் பகல் ஷிஃப்டில் அவர் எல்.சி. திருப்ப அழைத்தார். பேர் சொல்லத் தொடங்கும்போது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. அவர் மனைவி. பள்ளி விட்டு வரும் வழியில் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறார் போல. "ஆறிப்போவுதுங்க, மொதல்ல சாப்புட்டுப் பேசுங்களேன்" என்றார். சாதாரணமான, கொஞ்சம் கரகரத்த குரல். "இரு, ரிட்டன் பண்ணிட்டு வரேன்" என்று அவரிடம் அருள் சொன்ன விதத்தில் என்னிடம் ஒருபோதும் இல்லாத ஒரு மென்மை இருந்தது.

என் காதுக்குள் மறுபடி அதே சூடு ஏறியது. விட்டது நான்தான். திரும்பக் கேட்டாலும் வேண்டாமென்பேன். இருந்தும் ஏறியது.

"பேர் சொல்லுங்க சார்" என்றேன். நான்கு பேர் வந்து இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கடைசியில் அவர் தன் பேரைச் சொல்லி, "எறங்கிட்டேன்" என்றார். எர்த்தை எடுத்தேன், ஐசோலேட்டரைச் சேர்த்தேன், பிரேக்கரைப் போட்டேன்.

உங்களுக்கும் இந்த நாற்காலியில் ஒரு நாள் அப்படி ஏறும். அது நல்ல காரணமா, கெட்ட காரணமா என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். பேர்களைக் கேளுங்கள்.